மாங்கனிக்குக் கை நீட்டாத அஞ்சுகம்

அனுப்புநர்:
ந. வடிவாம்பாள் (வயது 46),
க/பெ. நடராசன்,
மேலத்தெரு, கோட்டுச்சேரி.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
காரைக்கால்.

பொருள்: அடுத்த வீட்டு அஞ்சுகத்தை அவள் கணவரிடம் ஒப்படைக்காதிருக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அடுத்த வீட்டு இளையபெருமாள், தன் மனைவி அஞ்சுகம் நகைகளுடன் ஓடிவிட்டதாகவும், தங்களிடம் புகார் கொடுத்து அவளைத் திரும்பக் கொண்டுவரப் போவதாகவும் தெருவில் சொல்லி வருகிறார். தெருவில் சொல்வது எதுவும் என் காதுக்குத் தப்பாது.

2. அஞ்சுகத்தின் மேல் எனக்குப் பொறாமை உண்டு என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். அவள் கடைக்குப் போனாலும் கணவர் கூடவே வருவார், குடை பிடிப்பார். வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிச் செல்வார். எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார் என்று எனக்கு வயிறு எரியும். என் கணவரோ என்னைக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்த பிறகு நினைவு வந்தவர். "அந்த வீட்டப் பாருங்க" என்று நான் இடிக்காத நாளில்லை.

3. ஒருநாள் அவள் உதடு வீங்கியிருந்தது. "வழுக்கி விழுந்துட்டேன்க்கா" என்றாள். நம்பினேன்.

4. இவ்வாண்டு மாங்கனித் திருவிழாவில் வழக்கம்போல் வேண்டுதலுக்காக மாடிகளிலிருந்து மாம்பழம் வீசினார்கள். கூட்டமே கைகளை உயர்த்தியது. நானும் முந்தானையை விரித்து முட்டி மோதினேன். அஞ்சுகம் மட்டும் தலையைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். குடைக்காரர் பக்கத்தில் நின்று சிரித்தார். மறுநாள் ஜன்னல் கம்பி வழியே கேட்டேன். "கை ஒசந்தாலே அடின்னுதான்க்கா தோணுது. யாரப் பாத்து சிரிச்சேன்னு கேட்டுக் கேட்டு அடிக்கிறாரு" என்றாள். என் பொறாமை அன்றோடு பாதி செத்தது.

5. மீதிப் பாதி இன்னும் சாகாததற்குக் காரணம் உண்டு. பூட்டு சரியாக விழாத ஒரு காலையில் வெளியே வந்தவள், சுவரோடு சுவர் ஒட்டிய என் வீட்டைத் தாண்டி, வேறொரு அம்மாளிடம் அடைக்கலம் புகுந்தாள். அந்த அம்மாளுக்கு ரசம்கூட வைக்கத் தெரியாது. என்னிடம் ஏன் வரவில்லை என்று போய்க் கேட்டேன். "ஒங்ககிட்ட சொன்னா பஸ்ஸுக்கு முன்னாடி சேதி ஊருக்குப் போயிருமேக்கா" என்றாள்.

6. நகை எடுத்ததாகச் சொல்வது பொய். கட்டிய சேலையோடு, வெறுங்கையோடு போனாள். ஜன்னலில் நின்று நான் பார்த்தேன். நான் பார்த்ததில் பிசகு இருக்கும் என்று இத்தெருவில் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே, சமாதானம் பேசி அவளை அவருடன் அனுப்பிவிடாமல், அவர் இல்லாத இடத்தில் அவளிடம் விசாரித்து, அவர் மீது நடவடிக்கை எடுக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அவள் இருக்கும் வீட்டை இதில் நான் எழுதவில்லை. மனு பல கை மாறும். தாங்கள் அழைத்தால் நேரில் வந்து தங்கள் காதில் மட்டும் சொல்வேன். சீக்கிரம் அழையுங்கள் ஐயா. என் கணவரிடம்கூடச் சொல்லாமல் இருக்கிறேன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோட்டுச்சேரி,
24.7.1984.

இப்படிக்கு,
வாயைக் கட்டிக் காத்திருக்கும்,
ந. வடிவாம்பாள்