நீட்டிய கை

ஜனவரி 6, செவ்வாய்

மழை. நேற்று நனைந்த செருப்பு காயவில்லை. அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எங்கள் கால்பந்து கிளப்பின் பயிற்சித் திடல் முன்வாசலில் மேனேஜர் வழக்கம்போல் நின்றிருந்தார். இடக்கையில் குடை, வலக்கை நீட்டியபடி. உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துத்தான் அனுப்புவார். ஆட்டக்காரர்கள், சமையல்காரர், புல் வெட்டுகிறவர், கிளப்பின் செய்திப் பிரிவில் மூலை மேசையில் உட்கார்ந்து எழுதுகிற நான் என யாருக்கும் விலக்கில்லை. மனதில் என்ன இருந்தாலும் காலையில் கை கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஆட்டக்காரர்கள் அவரை ஹெட்மாஸ்டர் என்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தது அணியில் ஆடுகிற என் அண்ணன்தான், போன வருடம், பாசமாக.

இப்போது அந்தப் பாசம் இல்லை. கடைசி இரண்டு ஆட்டங்களிலும் அண்ணனைப் பாதியில் வெளியே எடுத்துவிட்டார். இரவு சாப்பிடும்போது காரணம் கேட்டாயா என்றேன்.

“கேட்டாத்தான் சொல்லணுமா?” என்றான்.

ஒரு வகையில் நியாயம்தான். ஆனால் இவனும் கேட்காமல், அவரும் சொல்லாமல் எத்தனை நாள் ஓடும்?

ஜனவரி 10, சனி

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். எழுதினால் தூக்கம் வரும் என்று பார்க்கிறேன்.

முப்பத்தெட்டாவது நிமிடம். இடைவேளைகூட வரவில்லை. வெளியே வர வேண்டியவரைக் காட்டும் எண் பலகையில் அண்ணனின் ஒன்பது சிவப்பாக எரிந்தது. அவன் முதலில் நம்பவில்லை. பின்னால் திரும்பி வேறு யாரையோ தேடினான். பிறகு நடந்தான் — ஓடவில்லை, நடந்தான் — எல்லைக்கோட்டை நோக்கி. மேனேஜர் கை நீட்டினார். இவன் அந்தக் கையைப் பார்த்தான். அதுதான் மோசம், பார்க்காமல் போயிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். பார்த்துவிட்டு, தாண்டி, ஜெர்சியைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டான். மேனேஜரின் கை அப்படியே நின்றது. அரங்கம் முழுக்க ஊ என்றது. யாருக்கான ஊ என்று எனக்குப் புரியவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆட்டம் முடிந்ததும் டி.வி. மைக் முன்னால் போய் நின்றான். “அவர் ஆட்டத்தைப் பாக்கறதே இல்ல. தன்னைத்தான் பாத்துக்கறாரு” என்றான். கால் மணி நேரம் கழித்துப் பத்திரிகையாளர் அறையில் மேனேஜரிடம் அதைக் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். “அவன் நல்லா ஆடற நாள்ல எனக்கும் அவனைப் பிடிக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்து கிளப்பின் இணையப் பக்கத்தில் ஏற்றுவது என் வேலை. ஏற்றினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

ஜனவரி 11, ஞாயிறு

நீட்டிய கையும் தாண்டிப் போகும் முதுகுமாக அந்தப் படம் எல்லா இடத்திலும் இருக்கிறது. கீழ்த்தளத்து வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, “வீட்டுலயும் இப்படித்தானா?” என்று விசாரித்தார். அக்கறையாம்.

அம்மா காலையிலிருந்து துணி தேய்க்கிறாள். தேய்த்ததையே திரும்பத் தேய்க்கிறாள். மத்தியானம் வாயைத் திறந்தாள்.

“கையைக் குடுத்திருந்தா தேஞ்சா போயிருப்ப?”

“உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா.”

“எனக்குத் தெரியாதுதான். தெரிஞ்ச நீ என்னத்தக் கிழிச்ச?”

அவன் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். இப்போது படித்துக்கொண்டிருக்கிற நாவலில் அண்ணனும் தம்பியும் முந்நூறு பக்கங்களாகப் பேசிக்கொள்வதில்லை. அந்த மௌனத்தில் பனி பெய்கிறது, நதி ஓடுகிறது. எங்கள் வீட்டு மௌனத்தில் தட்டு ‘ணங்’ என்று விழுகிறது, அவ்வளவுதான்.

ஜனவரி 12, திங்கள்

அண்ணன் இன்று முன்வாசல் வழியாக வரவில்லை. துணி வெளுக்கும் கூடத்தின் பின்கதவால் நுழைந்திருக்கிறான். அவன் வழக்கமாக வருகிற நேரம் தாண்டியும் மேனேஜர் வாசலில் நின்றாராம். அண்ணனை அணியோடு சேர்க்க வேண்டாம், பின்பக்கத் திடலில் தனியாக ஓடட்டும் என்று உத்தரவு. என் சன்னலிலிருந்து அது தெரியும். இவ்வளவு பெரிய புல்வெளியில் ஒற்றை ஆள், திருப்பி உதைக்க யாரும் இல்லாத பந்து.

செய்திப் பிரிவின் தலைவியை நாங்கள் மேடம் என்போம். கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். விஷயம் இதுதான். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டால் அணியில் இடம் உண்டு. கேட்காவிட்டால், மாதக் கடைசியில் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள், இரண்டாம் பிரிவில் எங்கோ கடைசியில் கிடக்கிற ஒரு கிளப்புக்கு லோனில் அனுப்பிவிடுவார்கள். அண்ணனுக்கு இருபத்தொன்பது வயது. அந்த வயதில் கீழே போனவர்கள் மேலே வந்ததை நான் பார்த்ததில்லை.

“மன்னிப்பை நீயே எழுதிடு” என்றார் மேடம். “அவன் எப்படிப் பேசுவான்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்?”

வீட்டில் சொன்னேன். லோன் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். சீசன் முடியும்வரை இரவல் மாதிரி என்றேன்.

“இரவல் குடுக்க அவன் என்ன குடையா?”

ஜனவரி 14, புதன்

நான்காவது வரைவு. முதலாவது கெஞ்சியது. இரண்டாவது முறைத்தது. மூன்றாவதில் ஒரு வழக்கறிஞர் ஒளிந்திருந்தார். இது நன்றாக வந்திருக்கிறது. ஒரு வாக்கியம் எனக்கே பிடித்திருக்கிறது: ‘நீட்டப்பட்ட ஒரு கையின் முன், ஒரு கணம், நான் என்னை மட்டுமே பார்த்தேன்.’

காலில் ஐஸ் கட்டிக்கொண்டு சோபாவில் கிடந்தவனிடம் படிக்கச் சொல்லி நீட்டினேன். கண்ணைத் திறக்கவில்லை. இதைப் போட்டால் சனிக்கிழமை ஆடலாம், போடாவிட்டால் மூட்டை கட்டலாம், இரண்டில் ஒன்று சொல் என்றேன்.

“என்னமோ பண்ணித் தொலை.”

சம்மதம்தானே? நான் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 15, வியாழன்

மன்னிப்பை அவனுடைய இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். ரசிகர்கள் உருகுகிறார்கள். ‘கண் கலங்கிவிட்டது’ என்று ஒருவர். நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

ஜனவரி 16, வெள்ளி

நிம்மதியாவது ஒண்ணாவது.

இன்று உடைமாற்றும் அறையில் கோல்கீப்பர் பெஞ்சின் மேல் ஏறி நின்று, நெஞ்சில் கை வைத்து, என் மன்னிப்பை ஏற்ற இறக்கத்தோடு படித்திருக்கிறான். ‘ஒரு கணம்’ வரும்போது கையை உயர்த்திக் கண்ணை மூடினானாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். “வாங்க கவிஞரே”, “பந்தைக் குடுங்க கவிஞரே” — நாள் முழுக்க இதே. பிறந்ததிலிருந்து அண்ணன் ‘கணம்’ என்ற சொல்லை வாயால் சொன்னதில்லை. அது எனக்கு ஏன் தோன்றவில்லை? அவன் எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியுமாம்!

வீட்டுக்கு வந்து கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“இனிமே என் வாயில நீ பேசாத” என்றான்.

கத்தியிருக்கலாம்.

ஜனவரி 17, சனி

அணிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. மன்னிப்புக் கேட்டும் இல்லை.

ஜனவரி 19, திங்கள்

காலையில் கை கொடுக்கும்போது மேனேஜர் என் கையை விடவில்லை. பத்து மணிக்கு என் அறைக்கு வாங்க என்றார்.

மேசை முழுக்கக் காந்தப் பொத்தான்கள், ஆட்டக்காரர்களாக. ஒரு ஓரத்தில் ஒன்பது தனியாகக் கிடந்தது. உட்காரச் சொன்னார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

“அத எழுதினது நீங்கதானே? அவனுக்கு இவ்வளவு கமா வராதும்மா.”

அவரே தொடர்ந்தார். மைக் முன்னால் அவன் சொன்னதைப் பற்றித் தனக்கு வருத்தமில்லை, அந்த வயதில் தானும் இதைவிட மோசமாகப் பேசியிருப்பதாகச் சொன்னார். எழுதிய மன்னிப்பு வேண்டாம், காலையில் கை வேண்டும், அவ்வளவுதான் என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வேறு யாரிடமோ பேசுவதைப்போலச் சொன்னார்.

“அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன். இடைவேளை வரைக்கும் விட்டிருக்கணும். முழு அரங்கத்துக்கு முன்னாடி அப்படி எடுத்திருக்கக் கூடாது.”

இதை அவனிடம் சொல்லலாமா என்றேன்.

“கூடாது. உங்க வாய் வழியாப் போனா அது இன்னொரு அறிக்கை.”

ஜனவரி 20, செவ்வாய்

சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான். தண்ணீர்ச் செம்பை நகர்த்திக் கொடுத்தேன். சொல்லவில்லை.

ஜனவரி 24, சனி

இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன குழாயா? ஒருத்தர் என் காதுல உண்மையச் சொல்லிட்டு வெளிய சொல்லாதேங்கறாரு. இன்னொருத்தன் வாயே திறக்கறதில்ல. ஊருக்கு முன்னாடி சண்டை போட மட்டும் ரெண்டு பேருக்கும் மைக் வேணும். சமாதானத்துக்கு மட்டும் கூச்சம்.

ஆண்கள் ஏன் இப்படி என்று எழுத வந்தேன். பிறகு என்னையே பார்த்தேன். நானும் எதையும் நேரில் சொல்வதில்லை, இங்கே வந்து எழுதுகிறேன். சரி. ஆனால் என்னால் யாருடைய வேலையும் போகவில்லையே.

ஜனவரி 27, செவ்வாய்

இன்று பொறுக்க முடியாமல் மேனேஜரின் அறைக்கு நானே போனேன். எனக்குச் சொன்னதை அவனிடம் சொல்லுங்கள், நாலு நாள்தான் இருக்கிறது என்றேன்.

“அவன் முன்வாசல் வழியா வரட்டும், சொல்றேன்.”

மாலையில் அண்ணனிடம் அவர் உன்னிடம் பேச விரும்புகிறார், நாளைக்கு மட்டும் முன்வாசல் வழியாகப் போ என்றேன்.

“அவரு பேசட்டும், போறேன்.”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டுடி” என்றாள். அதைவிடச் சிறந்த யோசனை இந்த மாதம் யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

கையெழுத்துப் போட்டுவிட்டான். அந்தக் கடைசிக் கிளப்புதான். ரயிலில் ஒரு ராத்திரி தூரம்.

அண்ணன் பெயரில் ஒரு விடைபெறும் செய்தி எழுதித் தரச் சொன்னார் மேடம். முடியாது என்றேன். இந்த வேலைக்கு வந்த பிறகு நான் முடியாது என்றது இதுதான் முதல் தடவை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “சரி, அவனையே எழுதச் சொல்லு” என்றார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினான். ஒரு மணி நேரம். நான் அந்தப் பக்கமே போகவில்லை. பதிவான பிறகுதான் பார்த்தேன்.

‘நாளைக்குக் கிளம்புறேன். கை குடுக்காதது தப்பு. மத்தது தப்புன்னு எனக்குத் தோணல. எல்லாருக்கும் நன்றி.’

ஒரு கமா இல்லை. இதற்குத்தான் நான் நான்கு வரைவு எழுதினேன்.

ஜனவரி 31, சனி

காலையில் தன் பூட்ஸை எடுக்க வந்தான். கார் முன்வாசலில் நின்றது. நான் முன்பக்கச் சன்னலுக்குப் போனேன். என் பின்னால் மேடம், அவர் பின்னால் புகைப்படக்காரர். அவர் கேமராவைத் தூக்கினார். மேடம் லென்ஸ் மேல் கையை வைத்து மறைத்தார்.

மேனேஜர் கை நீட்டினார். அண்ணன் கொடுத்தான். ஏதோ பேசினார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் இடக்கையால் அவன் தோளை ஒரு தட்டுத் தட்டினார். இவ்வளவுதான் நடந்தது. ஒரு பேருந்து கடக்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

ரயில் நிலையத்தில் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன்னாரு.”

“நீ?”

“நானுந்தான்னேன்.”

பெட்டியை மேலே ஏற்றிவிட்டுத் திரும்பி, “இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் போறேன்?” என்றான். அவரும் இப்போது தன் அறையில் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். ஆளுக்கு ஒரு வாக்கியம். கையெழுத்தோ நேற்றே போட்டாயிற்று.

ரயில் போன பிறகு நடைமேடையில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

அவன் அறையில் என் புத்தகங்களை அடுக்கலாம் என்று அம்மாவே சொன்னாள். அடுக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

நேற்று அண்ணனின் ஆட்டத்தை டி.வி.யில் பார்த்தோம். அந்த மைதானத்தில் பாதி நாற்காலிகள் காலி. படமும் தெளிவில்லை, பந்து எங்கே என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கோல் அடிக்கவில்லை, ஆனால் நன்றாக ஓடினான். எழுபத்தெட்டாவது நிமிடத்தில் பலகையில் அவன் எண் எரிந்தது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அவன் ஓடி வந்து, அங்கிருக்கிற மேனேஜர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோதே, தானே முதலில் கையை நீட்டினான். அந்த மனிதர் பதறிப்போய் வாங்கிக்கொண்டார்.

“இப்ப மட்டும் வருது பாரு” என்றாள் அம்மா. உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இன்று காலை முன்வாசலில் எனக்கு முன்னால் நான்கு பேர். என் முறை வந்தது. மேனேஜர் கை கொடுத்தார், விட்டார், பிறகு ஏதோ நினைவுக்கு வந்ததைப்போலக் கேட்டார்.

“நேத்து எப்ப எடுத்தாங்க அவனை?”

எழுபத்தெட்டாவது நிமிடம் என்றேன். பார்த்திருக்கிறார். பார்க்காதவர் எடுத்தார்களா என்றுதானே கேட்பார்.

“சீக்கிரம் எடுத்துட்டாங்க” என்றார்.

சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த கோல்கீப்பருக்குக் கையை நீட்டினார்.