வெயில் பிரித்த தண்ணீர்

ஓகஸ்ட் 9, சனிக்கிழமை

ஆய்வுகூட விளக்கின் ஒளியில் தண்ணீரைப் பிரிக்கும் என் தகடுகள் உண்மையான வெயிலில் ஒருமுறையும் வேலை செய்ததில்லை. பல்கலைக்கழகத்தில் செய்துவரும் மூன்று வருட ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கல்முனையில் ஆசிரியர் வேலைக்கு வரும்படி வாப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று பகல் வீட்டு முற்றத்தில், கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் புதிதாகப் பூச்சுப் பூசிய தகட்டை இறக்கினேன். வயலிலிருந்து வந்த வாப்பா பக்கத்தில் குந்தினார். சில நிமிடங்களில் தகட்டிலிருந்து குமிழிகள் எழுந்தன. உலர்ந்த கண்ணாடிக் குழாயொன்றை அவற்றின் மேல் கவிழ்த்துப் பிடித்தேன்.

"என்ன புள்ள, தண்ணி கொதிக்கிதா?"

"இல்ல வாப்பா. வெயில் தண்ணியப் பிரிக்கிது. இந்தக் காத்து எரியும்."

குழாயில் சேர்ந்த ஐதரசன் வாயுவுக்குத் தீக்குச்சியைக் காட்டினேன். 'டப்' என்று வெடித்தது.

"சுப்ஹானல்லாஹ்!" என்றார், உழவு மெசினுக்கு டீசல் கிடைக்காமல் ஒரு போகத்தையே இழந்த என் வாப்பா.

குழாயின் உள்ளே ஈரம் படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எரிஞ்சும் தண்ணியாத்தானா வருகுது?"

"ஓம் வாப்பா."

ஈரமான விரலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நீ கெம்பஸுக்கே போ மகள்" என்றார்.

வெயில் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கும்வரை குமிழிகள் எழுந்துகொண்டே இருந்தன. அதுவரை நாங்கள் இருவரும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.