மரத்துக்குப் போன தண்ணீர்

ஜன்னலோரத்துக்காரியே,

இன்று காலை ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறியதுமே பெண்கள் பெட்டி முழுக்கத் தைல வாசனை. யாரோ இடுப்புக்குத் தேய்த்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருக்கிறாள். அந்த வாசனையோடுதான் ஐந்து வருடம் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். பைக்குள் கையை விட்டேன். நேற்று மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை அட்டை விரலில் பட்டது. இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் வாங்கிவிட்டேன், பார்த்தாயா.

போன வாரம் பெட்டி தூக்கும்போது எனக்கும் இடுப்பில் சுரீர் என்றது. அன்றிலிருந்து விடிந்ததும் முதல் வேலையாகக் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திப் பார்க்கிறேன், குழி விழுகிறதா என்று. அழுத்திய இடம் நிமிரும் வரை மூச்சு விடுவதில்லை. உன் காலில் விழுந்த குழி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தோம். பேக்கிங் செக்‌ஷன். நட்டும் போல்ட்டும் நிரம்பிய அட்டைப்பெட்டிகளைத் தூக்கி அடுக்க வேண்டும். நீ அதற்கு முன்பே வேறொரு இடத்தில் முதுகு பிடித்து, திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் எக்சர்சைஸ் செய்து தேறியவள். அங்கே சொல்லிக்கொடுத்ததை எல்லாம் முதல் நாளே எனக்கு ஒப்பித்தாய்.

"குனியாதடி, குந்திக்கினு தூக்கு. பொட்டிய வயித்தோட அணைச்சுக்கோ. திரும்பணும்னா இடுப்பத் திருப்பாத, காலைத் திருப்பு."

திரும்பி வரும் ரயிலில் தோளைச் சுழற்றச் சொல்வாய். கணுக்காலை மடக்கி நீட்டச் சொல்வாய். எதிரே உட்கார்ந்திருக்கும் பூக்கார அம்மா நம் இருவரையும் பார்த்துச் சிரிப்பார். ஒருமுறை எனக்குத் தோள் பிடித்துக்கொண்டபோது, படுத்தே கிடக்காதே, வெந்நீர் ஒத்தடம் கொடு, மெல்ல நட என்று போனிலேயே வைத்தியம் பார்த்தாய். நாலு நாளில் சரியாகிவிட்டது.

ஆனால் உன் இடுப்புக்கு வேறு வைத்தியம். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. அதையும் ஒரு வாய் டீயோடு முழுங்குவாய். ஊருக்கு உபதேசம் உனக்கில்லையடி பெண்ணே என்று நான் கேலி செய்வேன். மாத்திரை போட்டால் தண்ணீராவது குடியேன் என்றால் உன் பதில் தயாராக இருக்கும். "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். ஒண்ணுக்குப் போகணும்னா லைன்ல மாத்தாள் கேக்கணும். எதுக்கு பேஜாரு?"

நாம் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம். கழிவறைக்குப் போக சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்து நிற்க வெட்கப்பட்டு, நாக்கு ஒட்டிக்கொள்ளும் வரை குடிக்காமல் இருப்பதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம். வீட்டில் நிரப்பிய உன் நீல பாட்டில் சாயங்காலம் அப்படியே வரும். பிளாட்பாரக் கோடியில் இருந்த பூவரசங்கன்றுக்கு அதை ஊற்றிவிட்டு, மரமாவது குடிக்கட்டும் என்பாய். நானும் என் பாட்டிலைக் கவிழ்ப்பேன்.

ஒருநாள் உன் முகம் வீங்கியிருந்தது. செருப்பு வார் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு நாலு நாள் லீவு போடப் போகிறேன் என்று எழுந்தாய். நான்தான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். பக்கத்து லைனில் ஒருத்தி வலி என்று சொல்லப்போய், ஓய்வெடும்மா, போன் பண்ணுகிறோம் என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். அந்த போன் வரவே இல்லை. "வாய மூடிக்கினு இருடி, ஊட்ல உக்கார வச்சிருவாங்க" என்றேன். நீ உட்கார்ந்துவிட்டாய். என் பயத்தை உனக்கும் ஊட்டிவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வருஷக்கணக்கில் மாத்திரை, அதோடு தண்ணீரும் இல்லாமல் இருந்ததில் இரண்டு கிட்னியும் போய்விட்டன என்று டாக்டர் உன் வீட்டுக்காரரிடம் சொன்னார். கடைசியாக நான் பார்க்க வந்தபோது உனக்குத் தண்ணீரை டம்ளரில் அளந்துதான் கொடுத்தார்கள். உதடு வெடித்திருந்தது. என் பையில் பாட்டில் நிரம்பியிருந்ததைப் பார்த்துவிட்டாய்.

"நீயாவது குடிடி."

அதன் பிறகு உன்னைப் பார்க்க வர எனக்குத் தைரியம் வரவில்லை. காரியத்தன்று உன் வீட்டுக்காரர் நீல பாட்டிலை என்னிடம் கொடுத்தார், வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை என்று. இத்தனை நாளும் அதைத்தான் சுமக்கிறேன். குடித்ததில்லை. வெறுமனே சுமந்தேன், சாயங்காலம் மரத்துக்கு ஊற்றினேன்.

இன்று தைல வாசனை என்னை விடவில்லை. பத்து மணிக்கு சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம் மறந்துபோய், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இடுப்பு நோவுது சார். பொட்டிய ரெண்டு பேரா தூக்கறோம். தண்ணி குடிக்கணும், ஒண்ணுக்கும் போகணும். ஆள் மாத்தி உடுங்க. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பார்க்கலாம், போய் வேலையைப் பாருங்கள் என்றார். அவ்வளவுதான். லைனில் பக்கத்தில் நிற்பவள் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். அன்றைக்கு நான் உனக்குச் செய்திருக்க வேண்டியது அது. சாயங்காலத்துக்குள் இரண்டு தடவை கழிவறைக்குப் போய் வந்தேன்.

நாளைக்கு கேட்டில் என்னை உள்ளே விடுவார்களா, தெரியவில்லை. மாத்திரை அட்டை இன்னும் பையில்தான் இருக்கிறது. தூக்கிப் போடுமளவுக்கு நான் வீராங்கனை இல்லை என்பது உனக்குத் தெரியும். பயம் அப்படியேதான் இருக்கிறது.

சாயங்காலம் பிளாட்பாரக் கோடிக்கு நடந்தேன். பூவரசு இப்போது கூரைக்கு மேலே போய்விட்டது, மஞ்சளாகப் பூத்திருக்கிறது. கை பழக்கத்தில் உன் பாட்டிலைத் திறந்து வேரில் கவிழ்த்தேன்.

ஒரு சொட்டும் விழவில்லையடி.