நான் மங்கலாக்கிய முகம்

இன்று காலை திருப்பதி ஸ்டேஷனில் ஒரு பெண் பேசுவதைப் பார்த்தேன். கேட்கவில்லை, பார்த்தேன். ரயிலின் ஏசி பெட்டியில், மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். பிளாட்பாரத்தில் அவள் கணவர், கையில் காலித் தண்ணீர் பாட்டிலோடு, என்ன என்று புரியாமல் "ஏன்ட்டி? ஏன்ட்டி?" என்று கேட்டபடி வண்டியோடு நடந்துகொண்டிருந்தார். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன், போனதும் அணைத்துவிடுங்கள் என்று அவள் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரிடம் போய் அதைச் சொன்னேன். என்னைப் பார்த்தார். போகிற பெட்டியைப் பார்த்தார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

மேம்பாலப் படி ஏறினேன். பாதிப் படியில் நின்றேன். அங்கேயே உட்கார்ந்தேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அதன் பிறகு நான் வாய் பார்த்துப் படித்தது இது இரண்டாவது முறை. முதல் முறை போன மாதம், நகரியில்; அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும்.

நகரியில் நம் தெருவில் இதை ஒரு திறமை என்று யாரும் சொல்வதில்லை. ஷெட்டில் பன்னிரண்டு விசைத்தறி ஓடும்போது காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாரும் கத்துவதில்லை. குரலைத் திறக்காமல், உதட்டைக் கொஞ்சம் பெரிதாக அசைத்து, தமிழும் தெலுங்குமாக, எதிர்மூலையில் இருப்பவரோடு பேசிக்கொள்வார்கள். நாமும் நடக்கப் பழகியதைப் போல இதைப் பழகிக்கொண்டோம். பள்ளியில் நீ கடைசி பெஞ்சிலிருந்து எனக்கு விடை சொல்வாய். கடப்பாவிலிருந்து மாற்றலாகி வந்த சமூக அறிவியல் வாத்தியார், இவ்வளவு அமைதியான பரீட்சை ஹாலை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று நம்மைப் பாராட்டினார். நீ அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு நன்றி சொன்னாய். உதட்டால்.

பிறகு நான் படிக்கத் திருப்பதிக்கு வந்தேன். நீ டிகிரி முடித்து, உன் நைனாவின் தறிக்கே போனாய். போன் வாங்கினாய்.

நீ எடுக்கும் வீடியோக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உன் சித்தப்பா பெண் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்களின் வாயை எடுத்துக்கொண்டிருந்தாய். மேளச்சத்தத்தில் அவர்கள் பேசியது யாருக்கும் கேட்டிருக்காது. மறுநாள் தெருவே உன் போனைச் சுற்றி நின்று பார்த்தது. மாப்பிள்ளையின் வேலையைப் பற்றியும் சாம்பாரைப் பற்றியும் அவர்கள் சொன்னது ஒரு சொல் விடாமல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சித்தப்பா கோபப்பட்டபோது நீ சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"தாலிய எல்லாரும் எடுப்பாங்க சித்தப்பா. பேசறத யாரு எடுக்கறாங்க?"

அப்போது சிரித்தோம்.

ரோடு அகலப்படுத்த நம் தெருவின் ஷெட்டுகளை இடிக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. எல்லோரும் பஸ் ஏறிச் சித்தூருக்குப் போய் ஒரு அலுவலக வாசலில் உட்கார்ந்தீர்கள். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. உனக்கு எழுதும் மடலிலும் பெயர்களை விட்டுவிடப் பழகிவிட்டேன். என்னையும் வரச் சொன்னாய். செமினார் இருக்கிறது என்றேன். இருந்தது. தள்ளிப்போட்டிருக்கலாம்.

மதியம் தாண்டி, திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாய். தடியடி நடந்ததைச் சொன்னாய். அடிபட்டதா என்று கேட்டேன்.

"பின்னாந்தலைல ஒண்ணு உட்டான். வீங்கிக்கினு கீது, அவ்ளோதான். வீடியோ அனுப்பிகீறன் பாரு."

"மொதல்ல டாக்டர்கிட்ட போடா."

"போறன், போறன். நீ அத்த அப்டியே போடு. வெட்டாத, ஒட்டாத. உனுக்குதான் அந்த வேலையெல்லாம் தெரியும்."

சரி என்றேன். நாம் கடைசியாகப் பேசியது அது.

அன்றைக்கு மற்றவர்கள் எடுத்த வீடியோக்களையும் பார்த்தேன். தடிகள், ஓடுகிற கால்கள், கழன்று கிடக்கும் செருப்புகள், ஆடும் வானம். உன்னுடையது ஆடவில்லை. ஐம்பத்தோரு வினாடி. தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒரு அதிகாரியின் முகம். இன்னும் பக்கத்தில் இழுக்கிறாய். வாய். இடது ஓரத்தில் ஆட்கள் அடிபடுகிறார்கள், விழுகிறார்கள். நீ அந்தப் பக்கம் திருப்பவே இல்லை. வேறு யார் பார்த்தாலும் இவன் ஏன் இந்த ஆளை எடுத்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் கேட்பார்கள். எனக்குத் தெரிந்தது. அடிப்பதை எல்லோரும் எடுப்பார்கள். அடிக்கச் சொல்வதை எடுக்க நின்றாய்.

நாற்பத்து மூன்றாவது வினாடியில் அவர் நேராக உன்னைப் பார்க்கிறார். கோஷத்தில் குரல் கேட்கவில்லை. பக்கத்திலிருப்பவரிடம் உதடு மட்டும் அசைகிறது.

"ஆ போன் வாண்ணி. தலமீத கொட்டு."

அந்த போன்காரனை. தலையில் அடி.

பிறகு வானம், ஒரு வேப்பங்கிளை, தார். முடிந்தது.

நான் படித்ததை நீ எனக்கு முன்னால் படித்திருப்பாய். தடி வருவதற்கு ஐந்தாறு வினாடி முன்பே அது வரப்போவது உனக்குத் தெரியும். போனை இறக்கவில்லை. இந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. எழுதும்போதும்.

அன்று சாயங்காலம் நான் செய்ததைச் சொல்கிறேன்.

அவருடைய முகத்தை மங்கலாக்கினேன்.

எளிது. முகத்தின் மேல் விரலை வைத்தால் போதும். அது எங்கே திரும்பினாலும் மங்கலும் கூடவே போகும். ஒரு அதிகாரியின் முகத்தைப் போட்டால் வழக்கு வரலாம் என்று நினைத்தேன். தளத்திலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஹாஸ்டலை நினைத்தேன், உதவித்தொகையை நினைத்தேன். ஓரத்தில் அடி தெரிகிறது, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கருத்துரிமை பற்றி இரண்டு கட்டுரை எழுதியவன் நான். வாய் போய்விட்டது என்பது தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன். அசல் என்னிடம் இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மறுநாள் தறியின் மேலேயே வாந்தி எடுத்தாயாம். திருப்பதிக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று நாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நின்று, நான் போட்ட வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று போனைத் திறந்து திறந்து பார்த்தேன். எண் ஏற ஏற சந்தோஷமாக இருந்தது. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ போன மறுநாள் அந்த வீடியோவும் போனது. சட்டக் கோரிக்கையின் காரணமாக இது உங்கள் நாட்டில் கிடைக்காது என்று ஒரு வரி. யார் கோரினார்கள், எந்தச் சட்டம், ஒன்றும் இல்லை. குவைத்தில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்காரருக்கு இன்னமும் அது தெரிகிறது. நகரியில் தெரியவில்லை.

அதைப் பகிர்ந்த இரண்டு பேரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் பொழுது சாயும்வரை உட்காரவைத்தார்கள். போன்களை வாங்கிக்கொண்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது நான் ஹாஸ்டல் மெஸ்ஸில் இருந்தேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அசலை அழித்தேன். குப்பைத்தொட்டியிலும் அழித்தேன். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன். உன் போனில் ஒன்று இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் போனை விசாரணைக்கு என்று ஆஸ்பத்திரியிலேயே வாங்கிப் போயிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கடையிலிருந்து வந்த புதுபோன் போல இருந்தது. ஒன்றும் இல்லை.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். விசாரித்தவர் மரியாதையானவர். டீ வரவழைத்தார். மங்கலான வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

"ஒரிஜினல் உந்தா பாபு?"

"லேது சார்." அசல் இல்லை என்றேன்.

தறி ஷெட்டைப் பற்றிச் சொன்னேன். நாங்கள் வாயைப் படிப்போம், அவர் சொன்னதை நான் படித்தேன் என்றேன். குறுக்கே பேசாமல் கேட்டார். இதில் வாயே இல்லையே என்றார். முகத்தை மறைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அதுவரை பேனாவைத் திறக்காதவர், அதை மட்டும் எழுதிக்கொண்டார்.

கூட்ட நெரிசலில் கீழே விழுந்து தலையில் காயம். நீ இறந்தது இப்படித்தான் என்று முடிந்தது. நம் தெருவின் தறிக்காரர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து அந்த நாற்பத்து மூன்றாவது வினாடியைக் காட்டியிருந்தால், அத்தனை பேரும் தனித்தனியாக ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். ஏற்றுக்கொண்டிருப்பார்களா, தெரியாது. ஒருவேளை மாட்டார்கள். ஆனால் ஒரு தெரு சாட்சி சொல்லியிருக்கும். அந்தச் சாட்சிகளை நான் கலைத்தேன். தடி எடுத்தவர்கள் யாரும் அதைச் செய்ய வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் நகரிக்குப் போனேன். உங்கள் ஷெட்டின் முன்பாதி இல்லை. ரோடும் இன்னும் வரவில்லை. கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் சுவர், அதற்குப் பின்னால் நான்கு தறி ஓடுகிறது. உன் அம்மா தட்டை எடுத்து வைத்தார். துன்னுட்டுப் போப்பா என்று மட்டும் சொன்னார்.

உன் நைனா தறியடியில் இருந்தார். அவர் அந்த வீடியோவைப் பார்த்ததே இல்லை. அவர் பார்ப்பதற்குள் தடுத்துவிட்டார்கள். எடுத்துக்கினு வந்தியா என்று கேட்டார், குரல் இல்லாமல். போனைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஐம்பத்தோரு வினாடி. திரும்ப ஓட்டினார். ஓரத்தில் நடக்கும் அடியை அவரும் பார்க்கவில்லை. நடுவிலேயே பார்த்தார். விரலால் அந்த மங்கலைத் தேய்த்தார், திரையில் ஏதோ அழுக்கு என்பதுபோல. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வாய் எங்கப்பா?"

நான்தான் மூடிட்டன் மாமா, என்றேன். பயந்துட்டன்.

நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் திட்டியிருக்கலாம். போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு கேட்டார்.

"நீ பாத்த இல்ல?"

"பாத்தன்."

"அவன் சொன்ன மாரியே சொல்லு."

நான் தலையைக் குனிந்தேன். அவர் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, வெளிச்சம் விழும் பக்கம் திருப்பினார். சொன்னேன். அந்த ஆள் உதட்டைப் பிரித்த மாதிரி பிரித்து, அவர் அழுத்திய இடத்தில் அழுத்தி, அவர் பாதியில் விட்டதைப் பாதியில் விட்டு. ஒரு சத்தமும் வரவில்லை.

உன் நைனா என் கண்ணைப் பார்க்கவில்லை. வாயை மட்டும் பார்த்தார். தன் மகனை அடிக்கச் சொன்னவனை அவர் முதன்முதலாகப் பார்த்தது என் முகத்தில்.

"இன்னொரு வாட்டி," என்றார்.

இன்னொரு முறை சொன்னேன்.

மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. ஒரு தறியில் இழை அறுந்திருந்தது. அந்தப் பக்கம் போய்விட்டார்.

அந்த வாய் இப்போது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். கூப்பிட்டால் பதில் சொல்கிறேன். வகுப்பில் எழுந்து நின்று கட்டுரை வாசிக்கிறேன்.