ஒரு பிள்ளைக்கு எவ்வளவு

மே 6

கூட்டம் முடிந்து வந்து சாப்பிடவும் மனமில்லை. கல்விக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அரசாங்கம் செலவழிப்பது நகரப் பாடசாலைகளைவிட மிகவும் கூடவாம். "வர்த்தகப் பிரிவுக்கு இனிப் புதுப் பிள்ளைகளை எடுக்காம நிப்பாட்டுவம் ரீச்சர். பிள்ளைகள் மன்னாருக்குப் போகலாம்தானே."

போகலாம்தானே! இந்த முசலியிலிருந்து மன்னாருக்குப் பஸ் ஓடுகிற சீர் அவருக்குத் தெரியுமா? பொருளியல் படிப்பிக்கிற நான் அந்தத் தொகையைக் கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தேன். கணக்கு ரீச்சர் கிறேஸ்தான் எழும்பி, "கொஞ்ச நாள் தாங்கோ சேர், பதிலோட வாறம்" என்றார். என்ன பதில்? அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

றுஷ்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. பதினோராம் வகுப்புச் சோதினை எழுதிவிட்டு என் மகள் காத்திருப்பது இந்த வகுப்புக்காகத்தான்.

மே 7

சொல்லிவிட்டேன். "அப்ப நான் வீட்டிலயா உம்மா?" அவ்வளவுதான் கேட்டாள். அவளுடைய வாப்பா எழும்பி வெளியே போய்விட்டார்.

மே 10

வேறொரு நாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நோர்வேயை எடுத்தேன். அங்கேயும் கடல், தீவு, மீன். இடைநிலை வகுப்பில் ஒரு மாணவருக்கு அந்த அரசாங்கம் செலவழிப்பதையும் எங்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் — வெட்கமா, கோபமா, தெரியவில்லை. அங்கே விலைவாசி கூட என்று கழித்துப் பார்த்தாலும் பள்ளம் நிரம்பவில்லை.

ஆனால் இந்தக் கொஞ்சத்துக்குள்தானே இலவசப் புத்தகம், சீருடைத் துணி, கட்டணமில்லாத படிப்பு எல்லாம்? யுத்தத்தில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் படித்த நான் கம்பஸுக்குப் போய்ப் பட்டமும் எடுத்தேனே. அதை நினைக்க நெஞ்சு நிறைகிறது.

மே 12

கிறேஸிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். "இதைக் கொண்டுபோனா, 'அவங்கள் பணக்காரர், நாங்கள் கடன்கார நாடு' எண்டு ஒரு வசனத்தில முடிச்சிடுவினம். அங்க அந்தக் காசை ஊருக்கு ஊர் எப்பிடிப் பிரிக்கிறாங்கள் எண்டு பாருங்கோ."

மே 15

பார்த்தேன்! தூரத்துச் சின்ன ஊர்களில் ஒரு பிள்ளைக்கான செலவு அவர்களுக்கும் கூடத்தான். அதைத் தெரிந்துதான் அந்த ஊர்களுக்குக் காசு கூடுதலாகக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் குறைவு என்று ரீச்சரைப் பாதியாக வெட்டி அனுப்ப முடியாதே.

போனில் வாசித்துக் காட்டினேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார் கிறேஸ். பிறகு, "அஸீபா, இது வகுத்தல் கணக்குத்தானே. மேல இருக்கிற காசு கூடயில்லை, கீழ இருக்கிற பிள்ளைகள்தான் குறைவு. பிள்ளைகளைச் சேர்ப்பம்."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

மே 18

ஞாயிறு. பூசை முடிந்த கையோடு கிறேஸ் மன்னாரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். பக்கத்து ஊர்களில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனோம். ஒரு வீட்டில் தகப்பன் கேட்டார்: "மன்னாருக்கெண்டா அனுப்பமாட்டன். இஞ்ச எண்டா அனுப்புவன். முதலே ஏன் வந்து கேக்கேல்லை ரீச்சர்?" பிழை எங்களில்தான் என்றேன். அவருடைய மகள் டினோஜா கையில் மீன் செதிலோடு குசினி வாசலில் நின்றாள். "கையைக் கழுவிப்போட்டு வா பிள்ளை, கதைப்பம்" என்றார் கிறேஸ். அந்தப் பிள்ளை ஓடிய ஓட்டம்!

கிறேஸுக்கு இதில் என்ன கிடைக்கப்போகிறது? இடமாற்றம் கேட்டால் தன் ஊரான மன்னாரிலேயே கொடுப்பார்கள். கேட்கமாட்டார்.

மே 19

கால் வீங்கிவிட்டது. நான் போகவில்லை. கிறேஸ் இன்றும் போனார்.

ஜூன் 12

கந்தோர் அதிகாரி திரும்ப வந்தார். "நோர்வேயைப் பற்றி நீங்கள்தான் கதைக்க வேணும்" என்று கிறேஸ் என்னை முன்னே தள்ளிவிட்டார். எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். அதிகாரி சொன்னார்: "நோர்வே எங்க, நாங்கள் எங்க ரீச்சர்?"

எங்கிருந்து வந்ததோ — "காசை ஒப்பிட வரேல்லை சேர். சின்ன ஊருக்குக் கூடுதலாச் செலவாகும் எண்டு அவங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரிஞ்சுதானே இவ்வளவு காலமும் கையில இருந்த கொஞ்சக் காசில ஊரூராப் பள்ளிக்கூடம் நடத்தினம்? இப்ப ஏன் கைவிட வேணும்?"

கிறேஸ் எழும்பிக் கதவைத் திறந்தார். வெளியே வேம்பின் கீழே பிள்ளைகள், தாய் தகப்பனோடு. டினோஜாவும் நின்றாள். அதிகாரி வாசல் வரை வந்து பிள்ளைகளை எண்ணினார்.

"சரி, ஒரு வருசம் பாப்பம்."

"இது ரெண்டு வருசப் படிப்பு, சேர்" என்றார் கிறேஸ். அதிகாரி சிரித்து, சரி என்று தலையாட்டினார்.

அல்ஹம்துலில்லாஹ். கிறேஸைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன்.

ஜூன் 30

முதல் நாள். கதிரை போதவில்லை, ஆரம்பப் பிரிவிலிருந்து தூக்கி வந்தோம். சின்னக் கதிரையில் முழங்கால் முட்ட முட்ட இருந்தார்கள். வகுப்பில் என்னை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று றுஷ்தாவுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பெயர் கூப்பிட்டபோது, "ஓம் உம்மா" என்றாள். வகுப்பே சிரித்தது. டினோஜா சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.