எட்டரை வரைக்கும் திறந்திருக்கிறது, அக்கா!

அக்கா, இன்று காலை கம்பெனியில் மூட்டையைப் பிரித்ததும் பச்சைச் சாய வாசனை குப்பென்று அடித்தது. மறுபடியும் ராணுவ பனியன் ஆர்டர்! "அக்கா இருந்தா இந்நேரம் சண்டைய ஆரம்பிச்சிருப்பாங்க" என்றாள் செக்கிங் டேபிளில் ஒருத்தி. தையல் லைனே சிரித்தது. எனக்கோ உங்களிடம் சொல்ல ஒரு பெரிய சேதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இன்றெல்லாம் கை ஓடவில்லை.

போன பச்சை ஆர்டரின்போது டீ நேரத்தில் நீங்கள் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? டிவியில் பட்ஜெட் செய்தி. போர் விமானத்துக்குப் பணத்தைக் கூட்டியிருந்தார்கள். பிள்ளைகள் காப்பகத்துக்கு மட்டும் நிதி இல்லையாம். உங்கள் மகள் உங்கள் மிஷினுக்கு அடியில் வேஸ்ட் துணிமேல் படுத்திருந்தாள். நமக்கு ஒன்றரை ஷிப்ட், முடிய ராத்திரி எட்டரை ஆகும். அங்கன்வாடியோ சாயங்காலத்துக்கு முன்பே பூட்டிவிடும். பிள்ளையை வேறெங்கே விடுவீர்கள்?

"நாட்டுப் பாதுகாப்பையே குறை சொல்றியா?" என்று சூப்பர்வைசர் குதித்தார். உங்கள் திருநெல்வேலிப் பேச்சு கிளம்பியது.

"என் தம்பியே எல்லையில குளிருல நிக்கான். அவனுக்குப் பனியன் வேண்டாம்னா சொன்னேன்? நான் சோப்பு வாங்குனாலும் வரி, பெரிய மொதலாளிகளுக்குச் சலுகை. என் புள்ள பஞ்சுத் தூசில கெடந்து இருமுதே, அதுக்கு யாரு பாதுகாப்பு?"

அவர் டீயைக்கூடக் குடிக்காமல் நழுவிவிட்டார். "அக்கா, இப்படிப் பேசினா வேலை போயிருமுங்க" என்று நான் கிசுகிசுத்தேன். "நீ மொதல்ல அந்த 'ங்க'வ விடுளா, தைரியம் தன்னால வரும்" என்றீர்கள்.

ஓவர்லாக் மிஷினில் நீங்கள் பனியனின் தோளைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தால்தான் எங்களுக்குத் துணி வரும். அந்தத் திங்கட்கிழமை வேண்டுமென்றே லீவு போட்டீர்கள். லைன் நின்றது. வேலையில்லாத நாங்கள் அத்தனை பேரும், எட்டரை வரை காப்பகம் கேட்டு எழுதிய மனுவோடு உங்கள் பின்னால் கலெக்டர் ஆபீஸில்! எப்பேர்ப்பட்ட ஆள் நீங்கள்!

பதில் வருவதற்குள் மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. உங்கள் மகள் என்னோடுதான் இருக்கிறாள். உங்கள் தம்பி லீவில் வரும்போதெல்லாம் வந்து பார்க்கிறார். போன வாரம் வரை அவள் என் மிஷினுக்கு அடியில்தான் கிடந்தாள்.

இப்போது கேளுங்கள். காப்பகம் திறந்தாயிற்று, அக்கா! எட்டரை வரைக்கும்! திறப்பு விழாவில் ஒருவர் "இது அரசின் அன்பளிப்பு" என்றார். என்ன வேகமோ, எழுந்துவிட்டேன். "அன்பளிப்பு இல்லீங்க, எங்க வரிப்பணமுங்க. பக்கத்துக் காலனிக்கு எப்பங்க திறப்பீங்க?" நம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த, தமிழ் பாதி புரிந்த பீகார்ப் பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள். பாருங்கள், 'ங்க' போகவில்லை, தைரியம் மட்டும் வந்துவிட்டது.

முதல் சில நாள் மத்தியானம் காப்பக ஆயாம்மா போன் செய்தார். "எல்லாக் கொழந்தையும் தூங்குதுங்க, இவ மட்டும் கண்ணை மூட மாட்டேங்கறா." எனக்குக் காரணம் தெரியும். மிஷின் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவள் அல்லவா?

இன்று போன் வரவில்லை. ஷிப்ட் முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தால், அந்தச் சத்தமில்லாத அறையில், பாயில், வாயைத் திறந்துகொண்டு அப்படியொரு தூக்கம்! எழுப்ப மனமில்லாமல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வழியில் மிஷின் ஓடுகிற ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் அவள் காதை என் கையால் பொத்திக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.