என் இஸ்திரிப்பெட்டி

வெள்ளிக்கிழமை, கராமா.

காலையில் டூட்டிக்குச் சட்டை தேய்க்கும்போது, இஸ்திரிப்பெட்டியிலிருந்து பிசின் மாதிரி ஏதோ பழுப்பாக ஒட்டியது. கஞ்சா நாற்றம். ரூமில் இருப்பது நானும் குமரனும்தான். ஊரிலிருந்து நானே விசா எடுத்து வளைகுடாவுக்குக் கூட்டி வந்தவன். அவனைப் பிடித்து உலுக்கினேன்.

"கஞ்சாவப் பேப்பர்ல மடிச்சு சூட்டுல அழுத்துனா சாறு எறங்கும்ணே. கொஞ்சூண்டுதான்."

போலீஸ் வந்தால் பெட்டி என்னுடையது, ரூமும் என் பெயரில். ஜெயிலுக்குப் போவது யார்? அவன் கட்டிலுக்கடியில் புது இஸ்திரிப்பெட்டி ஒன்று அட்டைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. அதை ஏன்டா எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அது லீவுக்கு ஊருக்குக் கொண்டு போறதுண்ணே. தங்கச்சிக்கு வாங்குனது. அழுக்காயிடும்ல?"